நேற்று எந்தப் பாடு?

பழவேற்காட்டுக் கரையில் ஒருவர் கூடை நிறைய இறாலோடு வந்து இறங்கினால், விவரம் தெரிந்தவர்கள் அவர் கையைப் புகழ்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நேத்து எந்தப் பாடு?" பதில் கிடைத்த பிறகுதான் கூடைக்கு அர்த்தம் வரும். முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்றால் அரைக் கூடை இறால் பெரிய சேதியே இல்லை. ஏரியின் உள்பக்கம் தள்ளி, நீரோட்டம் மந்தமான இடம் என்றால் அதே அரைக் கூடையைக் கொண்டுவந்தவரை இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம். அந்த இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கும் அதுவே பெயர். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. கடலும் ஏரியும் சந்திக்கும் வாயில் வழியாக நீர் ஏறுவதும் இறங்குவதும்தான் இறாலின் போக்குவரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வாயிலுக்கு அருகே வலை கட்டுபவருக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். அந்த இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொண்டால் ஊரில் நாள்தோறும் அடிதடிதான். அதனால் பாட்டுரிமை உள்ள ஊர்களின் சுத்துவலைக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து, சீட்டுப் போட்டு, வரிசை வகுத்து, இடங்களை மாற்றி மாற்றிப் பெறுகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை மோசமான இடம் வரும். கொச்சிக் காயலின் ஊன்றுவலைக்காரர்களிடமும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சீட்டு முறைகள் உண்டு. ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் நியாயப் பகிர்வாகவும் சண்டையைத் தவிர்க்கும் வழியாகவும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் இதில் இன்னொரு விளைவு இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. எல்லோரும் எல்லா இடத்திலும் நின்றாக வேண்டும் என்பதால், இடத்தையும் கையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை இந்த முறை உருவாக்கிவிடுகிறது. ஒவ்வொரு பாட்டுக்காரரும் இன்னொருவருக்கு நடுவராக இருக்கத் தகுதி பெற்றவர். அவர் அங்கே நின்றவர்.

மீனவரின் திறமை என்று ஒன்று உண்டா என்பதே ஒரு காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. ஐஸ்லாந்தில் சில படகுத் தலைவர்களுக்கு மீன் இருக்கும் இடம் கனவில் தெரியும் என்று ஊர் நம்பியது. நிறையப் பிடிப்பவர் பெரிய ஆள், அவரிடம் வேலைக்குச் சேர இளைஞர்கள் போட்டியிட்டார்கள். கிஸ்லி பால்சன், பால் டரன்பெர்கர் என்ற இரு மானுடவியலாளர்கள் 1982-இல் கணக்கை எடுத்துவைத்து, படகின் அளவையும் எத்தனை முறை கடலுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தலைவரின் தனித்திறமைக்கு மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்கள். திறமை என்று ஊர் கொண்டாடியதில் பெரும்பகுதி படகின் அளவும் பயணக் கணக்கும். சில ஆண்டுகள் கழித்து தோரோல்ஃபர் தோர்லிண்ட்சன் என்பவர் ஹெர்ரிங் மீன்பிடிப்பை வைத்து மறுத்தார்: படகையும் உழைப்பையும் கழித்த பின்னும் தலைவருக்குத் தலைவர் வேறுபாடு நிற்கிறது என்று காட்டினார். இரு தரப்பும் செய்ய முயன்றது ஒன்றே. ஒருவன் ஏறி நின்ற மேடையைக் கழித்துவிட்டு அவன் உயரத்தை அளப்பது. அவர்கள் புள்ளியியலைக் கொண்டு செய்ததைப் பழவேற்காட்டில் சீட்டைக் கொண்டு செய்துவருகிறார்கள்.

இந்த ஊர்ப் பையன்கள் இப்போது ஆடும் ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் பாட்டின் இந்தப் பக்கம் எனக்கு உறைத்தது. வலை உலர்த்தும் கொட்டகை நிழலில் நாலைந்து பேர் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு ஊர் காட்சி இதுதான். 2020 செப்டம்பரில் அந்த ஆட்டம், பப்ஜி, தடையானது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி மறைந்தது, 2023-இல் திரும்பியது. பையன்கள் அதைப் பப்ஜி என்றேதான் கூப்பிடுகிறார்கள். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஆயுதம் பொறுக்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். எங்கே குதிப்பது என்பது ஆடுபவன் கையில். வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்பது யார் கையிலும் இல்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் பேச்சைக் கவனித்துக் கேட்டால் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். ஜெயித்தவன் சொல்வது "என் ஆட்டம்". தோற்றவன் சொல்வது மூன்றில் ஒன்று: பிங் (இணையத் தாமதம்) ஏறிடுச்சு, கூட்டாளி சொதப்பிட்டான், இல்லையென்றால் எதிரி ஹேக் போட்டிருக்கான். தன் தோல்விக்கு இடமும் பிறர் தோல்விக்குக் கையும் காரணமாகத் தெரிவது மனித இயல்பு. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் அவர்கள் சொல்லும் சாக்குகளில் பாதி நிஜம். ஒருவன் கையில் நொடிக்கு 90 படம் (எஃப்பிஎஸ்) ஓடும் போன். பக்கத்தில் இருப்பவனுடையது அண்ணனிடமிருந்து கைமாறி வந்தது, சூடேறினால் திணறும், திரையின் ஒரு மூலையில் விரல் பதியாது. ஒருவனுக்குப் பிங் நாற்பதில் பச்சையாக நிற்கிறது. ஏரிப் பக்கம் தள்ளி வீடு இருப்பவனுக்கு நூறைத் தாண்டிச் சிவக்கிறது. எதிரி சுவரைத் தாண்டி வெளியே வந்ததை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு தாமதமாகப் பார்ப்பவன் சுடுவதற்குள் விழுந்துவிடுகிறான். அவனுக்கு வாய்த்தது உள்பாடு.

"டேய், உன் போன என் கையில குடு, அப்புறம் பாக்கலாம்" என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டேன். சீட்டுப் போட்டு இடம் மாற்றும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த வாதம் இயல்பாகவே வரும். போனை மாற்றிக்கொண்டார்கள். ரூம் போட்டு ஒருவனுக்கு ஒருவன் ஆடினார்கள். சுற்றியிருந்தவர்கள் கில் விழும்போதெல்லாம் கத்தினார்கள். ஒருவன் மட்டும், ஆடுபவனின் தோளுக்குப் பின்னால் குனிந்து, சுடும் இடத்தைப் பார்க்காமல் மேல் மூலையில் இருக்கும் சிறிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரியின் காலடிச் சத்தம் வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, அதைப் பார்த்தும் ஆடுபவன் ஏன் சுடாமல் காத்திருக்கிறான் என்பதுதான் அவன் கவனம். ஆட்டம் முடிந்ததும் தோற்றவனைப் பற்றி அவன் சொன்னான்: "இவன்தான்டா நல்லா ஆடினான். அந்த போன்ல ஸ்கோப் திறக்கவே லேட்டு. அப்படியும் ரெண்டு தடவை இவன்தான் முன்னாடி பார்த்தான்." அந்தக் கூட்டத்தில் பழைய போனில் வருடக்கணக்கில் ஆடியவன் அவன் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது.

ஏரியிலும் அப்படித்தான். கழி நட்டு வலை கட்டும்போது அடிக்கயிறு சேற்றில் படிய வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று, கயிற்றின் நீளத்துக்கு நகர்ந்துகொண்டே, பாதத்தால் மிதித்து மிதித்துப் பதிக்கிறார்கள். எங்காவது ஒரு சாண் இடைவெளி விட்டால் இறால் அடியில் நழுவிவிடும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது; நீர் கலங்கிக் கிடக்கும். ஒரு நாள் படகில் இருந்து ஒரு பெரியவர், அப்படி மிதித்துக்கொண்டிருந்த பையன் ஒருவனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் ஒரே சீராக ஏறி இறங்கினால் கால் எங்கும் தவறவில்லை என்று பொருள். கூடை நிறைவது மறுநாள் தெரியும். கை தேர்ந்ததா என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கரையில் ஏலம் எடுக்கும் வியாபாரிக்கு இந்தத் தோள் தெரியாது. அவர் கிலோவுக்கு எத்தனை இறால் என்று எண்ணி விலை வைக்கிறார். அவர் கணக்கில் தவறில்லை, ஆனால் அது இறாலைப் பற்றிய கணக்கு.

எண்ணைக் கொண்டு ஆட்டக்காரரை அளக்கும் முறைகளில் ஆகப் புகழ்பெற்றது ஆர்பாட் ஈலோவுடையது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்தவர். அவர் வகுத்த தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. அதன் அடிப்படை எளிது. உன்னைவிட 200 புள்ளி குறைந்தவனிடம் ஆடினால் நூற்றுக்கு 76 பங்கு உனக்கு என்று முறை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததை மட்டும் எடுத்தால் புள்ளி அசையாது. எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக எடுத்ததுதான் உன் ஏற்றம். அதாவது ஒவ்வொரு வெற்றியிடமும் ஈலோ கேட்பது பழவேற்காட்டின் அதே கேள்வியை: எந்தப் பாட்டில் எடுத்தது? 1995-இல் மார்க் கிளிக்மன் அதற்கு ஒரு முக்கியமான சேர்க்கை செய்தார். ஒருவனைப் பற்றி நாம் சொல்லும் எண்ணோடு, அந்த எண்ணில் நமக்கு எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றார். நெடுநாள் ஆடாதவனைப் பற்றிய நிச்சயம் குறைந்துகொண்டே போகும். மைக்ரோசாஃப்ட் பிறகு எக்ஸ்பாக்ஸுக்காக உண்டாக்கிய ட்ரூஸ்கில் முறையும் இந்த நிச்சயமின்மையை உள்ளே வைத்தே கட்டப்பட்டது. மனிதர் மனிதரை எடைபோடும்போது இந்த இரண்டாவது எண்ணை யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பிஜிஎம்ஐயின் பதவிப் படிகள் வேறு வகை. வெண்கலப் படியிலிருந்து ஏஸ், கான்கரர் வரை ஏறும் அந்தப் படிகளில் ஆடும் நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பகல் முழுதும் ஆட முடிந்தவன் ஏறுகிறான். இரவு வலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவன் ஏறுவதில்லை. எனவே ஊர்ப் பையன்கள் பதவிச் சின்னத்தைப் பார்த்து மரியாதை தருவதில் பாதி, ஓய்வுக்குத் தரும் மரியாதை. போட்டி நடத்துகிறவர்களுக்குப் பதவிச் சின்னமோ ஒரு நாள் வெற்றியோ போதாது என்று தெரியும். 16 அணிகளை மோதவிட்டு, முதலிடத்துக்கு 10 புள்ளி, ஒவ்வொரு கில்லுக்கும் 1 என்று வைத்து, பல ஆட்டங்கள், பல நாட்கள் ஆடவைத்துக் கூட்டுகிறார்கள். வட்டம் இன்று ஒரு அணியின் காலடியிலேயே சுருங்கினால் நாளை இன்னொன்றின் காலடியில் சுருங்கும்.

சென்னைக்காரர் ஒருவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். 14 ஆட்டங்கள், ஏழரைக்கு ஆறரை. கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரு யானையும் ஒரு மந்திரியும், கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிரா என்றுதான் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். 55-ஆம் நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார். யானையையும் மந்திரியையும் வெட்டுக்கொடுத்து எளிய சிப்பாய் முடிவாட்டத்துக்குப் போகும் வழி அந்த ஒரு நகர்த்தலில் திறந்தது. மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. உடனே ஒரு பேச்சு கிளம்பியது: இவர் ஜெயிக்கவில்லை, அவர் தோற்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் உட்படப் பலர் ஆட்டத்தின் தரத்தைக் குறைத்தார்கள்.

அன்று நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களின் திரை ஓரத்தில் ஒரு பட்டை இருந்தது. கணினி நிலையைக் கணித்து அந்தப் பட்டையை ஏற்றி இறக்கும். டிங் யானையை வைத்த கணமே பட்டை சரிந்தது. சதுரங்கம் ஆடத் தெரியாதவருக்கும் அது பிழை என்று தெரிந்துவிட்டது, பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த இருவருக்கும் தெரிவதற்கு முன்பே. பிழையை முதலில் பார்த்தவனுக்கு, ஆடுகிறவனைவிடத் தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இவர் ஜெயிக்கவில்லை என்ற அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ மூன்று வாரமாக ஆடிக் களைத்து, கடிகாரம் கரைந்துகொண்டிருக்க, தோற்றால் பட்டம் போகும் என்ற நிலையில் நான்கு மணி நேரம் கடந்து உட்கார்ந்திருப்பது ஒரு இடம். அங்கே டிராவுக்குச் சம்மதிக்காமல் ஒரு சிப்பாய் கூடுதலை வைத்துக்கொண்டு எதிரியை யோசிக்கவைத்துக்கொண்டே இருந்தது குகேஷின் வேலை. பிழை தானாக உதிரவில்லை, அதற்கான இடத்தை ஒருவர் மணிக்கணக்கில் உண்டாக்கிக்கொண்டிருந்தார். போட்டி தொடங்கியபோது குகேஷ் 2783, டிங் 2728. அந்த வேறுபாட்டுக்கு ஈலோவின் கணக்கு 14 ஆட்டத்தில் ஏறத்தாழ எட்டுப் புள்ளியை எதிர்பார்க்கும். கிடைத்தது ஏழரை. பட்டையைப் பார்த்தவர்கள் அதிர்ந்த அந்த முடிவில் பழைய எண்ணுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. 1996-இல், சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில், பந்தயத்தையும் அப்படியே சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை, அது திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், நடத்தக் கூடாது என்று தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. சட்டம் ஆட்டத்தை எடைபோடுகிறது. ஆடுகிறவனை எடைபோடும் வேலை எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான்.

அந்தப் பக்கத்தில் உட்காரும் தகுதி எப்படி வருகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. பிஜிஎம்ஐயில் செத்தவனுக்கு ஒரு வசதி உண்டு. தன்னைக் கொன்றவனின் கண்ணிலிருந்து கடைசிச் சில நொடிகளைத் திரும்பப் பார்க்கலாம். பெரும்பாலோர் ஹேக்கைக் கண்டுபிடிக்கவே அதைத் திறக்கிறார்கள். ஓரிருவர் அதில் வேறொன்றைப் பார்க்கிறார்கள்: தான் மறைவு என்று நம்பிய மரம் எதிரியின் பக்கத்திலிருந்து எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதை. சில நொடிகள் எதிராளியின் பாட்டில் நின்று பார்க்கிறார்கள். தரப்புள்ளிகள் நியாயமானவை, ஆனால் அவை இப்படி ஒரு நடுவரை உண்டாக்குவதில்லை. எண் கிடைத்துவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடலாம் என்ற சௌகரியத்தையே தருகின்றன. ஐடியைத் தட்டி, கொன்றதற்கும் செத்ததற்குமான கே/டி விகிதத்தைப் பார்த்து ஒருவனை "நூப்" (கற்றுக்குட்டி) என்று ஒதுக்கிவிடும் பையன், அந்த ஒருவன் ஆடி ஒரு நிமிடம் பார்த்திருக்க மாட்டான்.

பாட்டு முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் வேலியைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டுரிமை சில ஊர்களுக்கு, சில குடும்பங்களுக்கு, அவற்றிலும் ஆண்களுக்கு. மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டு நெடுநாளாகச் சச்சரவு இருக்கிறது. சீட்டில் பெயரே இல்லாதவர்களுக்கு நல்ல பாடும் இல்லை, கெட்ட பாடும் இல்லை. இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி, விரலுக்கும் சேற்றுக்கும் நடுவே துள்ளும் இறாலைப் பிடித்து, கழுத்திலிருந்து தொங்கும் அல்லது பல்லில் கடித்த பறியில் போடுகிறார்கள். இறால் பின்னோக்கித் துள்ளும். கை முன்னால் போய் நிற்க வேண்டிய இடம் அதன் வால் பக்கம். இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று நோக்கி மெல்ல வரும் அந்த வேகம் கொஞ்சம் கூடினாலும் இறால் போய்விடும். வலையோ கழியோ படகோ இல்லாத இந்தப் பிடியில் கழித்துப் பார்க்க வேண்டிய மேடை ஏதும் இல்லை. கை மட்டும்தான். அந்த ஏரியில் திறமையை ஆகத் தெளிவாகக் காட்டும் தொழில் அதுவாக இருக்கலாம். ஆனால் சுத்துவலைக்காரர் எவரும் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்து தடவியதில்லை. எனவே அந்தப் பெண்களில் யார் கை தேர்ந்தது என்று கேட்டால் கரையில் சொல்வதற்கு ஆளில்லை. "அவங்க அள்ளிக்கிட்டுப் போறாங்க" என்று மட்டும் சொல்வார்கள். கேட்டால் அந்தப் பெண்கள் தங்களுக்குள் சரியாகச் சொல்கிறார்கள், பெயர் சொல்லி, இன்னாருக்கு இடது கை வேகம் என்பதுவரை.

முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோகும் காலங்களில் பாடுகளின் தரவரிசையே குலைந்துவிடுகிறது. நீரோட்டம் நின்றுபோனால் வாயிலருகே இருந்த நல்ல இடம் வெறும் தேக்கமாகிவிடும். நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சுவர் கட்டித் தாருங்கள் என்று மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தது வயிற்றுப்பாட்டுக்காக. ஆனால் வாய் அடைபட்ட பருவங்களில் இன்னொன்றும் நடக்கும். எந்த இடம் எவ்வளவு தரும் என்று ஊர் சேர்த்துவைத்த கணக்கு முழுவதும் செல்லாமல் போய், பெரியவர்களும் நேற்று வலை பிடித்த பையனும் ஒரே அறியாமையோடு நீரில் இறங்குகிறார்கள். அப்போது கரையில் கேட்கும் கேள்வியும் மாறிவிடுகிறது. எந்தப் பாடு என்று யாரும் கேட்பதில்லை. எந்த நேரம் கட்டினாய், தண்ணி எந்தப் பக்கம் இழுத்தது, அடியில் சேறா மணலா என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள், குறைவாகப் பிடித்தவரிடமும்.